தேங்காய் எண்ணெய் தடவிய துப்பாக்கி

பிரபு கண்ணா,

சனிக்கிழமை வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் இதை உட்கார்ந்து முழுக்கப் படித்துவிடு. ஃபோனிலேயே சொல்லலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். எனக்கும் குரல் நடுங்கும். அது உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மீனு சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உன் அம்மா பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. உங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட்டில் தனியாக ஏற மாட்டேன். குக்கர் விசில் தாமதமானால் சமையலறைப் பக்கமே போக மாட்டேன். இந்த வாரம் நான் பட்ட பயம் அந்த மாதிரிச் சில்லறைப் பயம் இல்லை, கண்ணா.  

அப்பா பெயரில் இருந்த லைசென்ஸ் போன மாதம் உன் பெயருக்கு மாறி வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? மீனு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டில்மேல் அதைப் போட்டாய். அவள் குனிந்து குழலின் வாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, "பாட்டி, உள்ள ஒரே இருட்டு" என்றாள். நாம் எல்லோரும் சிரித்தோம். நீ அதை ஃபோட்டோகூட எடுத்தாய். அந்த ஃபோட்டோவை அழித்துவிடு. எனக்கு அனுப்பியதை நான் அழித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் தருவதற்கு முன் சுத்தம் செய்து வைக்கலாம் என்று செவ்வாய்க்கிழமை அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். உன் தாத்தா செய்வதை நான் எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மைசூர் சமஸ்தானத்து வனத்துறையில் இருந்த அவருடைய அப்பா வழியில் வந்த துப்பாக்கி என்று அவருக்கு அதன்மேல் பெரிய பெருமை. ஆயுத பூஜைக்கு முதல்நாள் வெந்நீரில் சோப்பைக் கரைத்துக்கொள்வார். குழலுக்கு அடியில் செருகியிருக்கும் நீளக் கம்பியை உருவி, நுனியில் துணி சுற்றி, நனைத்து, வாய் வழியாக உள்ளே விட்டு இழுப்பார். இந்தக் காலத்துத் துப்பாக்கி மாதிரி பின்னால் திறந்து தோட்டா போடுவது இல்லை இது. வெடிமருந்தும் ரவையும் எல்லாமே வாய் வழியாகப் போட்டு அந்தக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். அவர் கம்பியை விட்டால் அடியில் போய் இரும்பில் இரும்பு மோதி 'டங்' என்று கேட்கும். நான் விட்டபோது 'டங்' கேட்கவில்லை. ஏதோ மெத்தையில் குத்தின மாதிரி மெத்தென்று நின்றுவிட்டது.

துரு என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.  பிறகு என்னவோ தோன்றி, குழல் வாயருகே கம்பியில் கட்டைவிரலை வைத்துப் பிடித்தபடி வெளியே எடுத்து, குழலின் மேலேயே கிடத்தி அளந்து பார்த்தேன். கம்பி போன ஆழத்துக்கும் குழலின் அடிக்கும் நடுவே என் கையகலம் இடைவெளி. அந்தக் கையகலத்தில் என்னவோ இருக்கிறது. அப்போதுதான் அடிப்பக்கத்தைக் கவனித்தேன். மேலே வளைந்து நிற்கிறதே குதிரை, விசையை இழுத்தால் வந்து அடிக்கும் சுத்தி, அதன் அடியில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி ஒரு குமிழ். வருஷா வருஷம் நாம் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துக் கும்பிட்ட குமிழ். அதைத் துப்பாக்கியில் ஒரு பாகம் என்றே நான் நினைத்திருந்தேன். அது கேப், பிரபு. தீபாவளிக்கு நீ வெடிப்பாயே, அதற்கு அண்ணன். அது வெடித்துத்தான் உள்ளே மருந்துக்கு நெருப்புப் போகும்.

குழலின் வாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது தெரியுமா? சமையலறைச் சுவர் பக்கம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ருத்ரப்பா அங்கிள் ஈசி சேரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். திருப்பி வைக்கலாமா என்று பார்த்தேன். இந்தப் பக்கம் பிஜி ஹாஸ்டல் பெண்கள். வாசல் பக்கம் ரோடு. அல்சூரில் ஒரு துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். தொடவே பயமாக இருந்தது. தொடாமல் விடவும் பயமாக இருந்தது. பின்வாசல் வழியாகப் போய் அங்கிளிடம், "சார், சுவத்துல டிரில்லிங் பண்றாங்க. கொஞ்சம் உள் ரூமுக்குப் போய் உக்காருங்க" என்றேன்.

"ஏனம்மா, மறுபடியும் ரிப்பேரா? உங்க வீடு ரிப்பேர் முகியோதே இல்லா, முடியறதே இல்ல" என்று முனகிக்கொண்டே எழுந்து போனார். வயதானதில் முழங்கால் மடங்குவதில்லை. அவர் மெள்ள மெள்ள எழுந்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் சலீம் பாயை உன் அப்பா காலத்து நம்பரில் பிடித்தேன். அவர் வேகமாகவே வந்தார். வந்து பார்த்தவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "அம்மா, யாரும் இதும் பக்கத்துல வராதீங்க. இத யார் இப்பிடி வெச்சாங்க?" என்று கேட்டார். அவருக்கே வேர்த்தது. குதிரையைக் கைவிரலால் கெட்டியாகப் பிடித்துத் தூக்கி, கேப்பைக் கழற்றி எடுத்துத் தண்ணீர் டம்ளருக்குள் போட்டார். பிறகு குழலை நிமிர்த்தி வாய்வரைக்கும் தண்ணீர் ஊற்றி, கொல்லையில் யாரும் போகாத மூலையில் சாய்த்து வைத்து, ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்து, கம்பி நுனியில் திருகாணி மாதிரி ஒன்றை மாட்டி, உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுத்தார். ஈயக் குண்டு ஒன்று வந்தது. அதைச் சுற்றி ஒரு துணி. பின்னால் கறுப்புச் சேறாக மருந்து. அந்த மருந்து உலர்ந்து இருக்கும்வரைக்கும் எத்தனை காலம் ஆனாலும் சாகாதாம். 

அது என்றைக்கோ உன் கொள்ளுத்தாத்தா காட்டில் கெட்டித்ததாக இருக்கும் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் துணியைக் கழுவிப் பார்க்கும்வரைக்கும். நீலக் கட்டம் போட்ட துணி. நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது போட்ட யூனிஃபார்ம் சட்டை. அந்தச் சட்டையைக் காணோம் என்று நான் இஸ்திரிக்காரரோடு போட்ட சண்டையில் அவர் நம் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பாவம், அவர் எடுக்கவில்லை. உன் அப்பா எடுத்திருக்கிறார்.

அது எந்த வருஷம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் தமிழர்களை அடித்த காவிரிக் கலவரம் நடந்த வருஷம். உனக்கு அதில் பாதி விளையாட்டாகத்தான் ஞாபகம் இருக்கும். ஸ்கூல் லீவு, கட்டிலுக்கு அடியில் என்னோடு படுத்தது, டார்ச் லைட். எனக்கு ஞாபகம் இருப்பது புகை வாசனை. எங்கேயோ லாரி எரிகிறது என்றார்கள், எங்கேயோ குடிசைகள் என்றார்கள். வாசலில் தமிழில் எழுதியிருந்த தாத்தாவின் பெயர்ப் பலகையை அப்பா கழற்றிப் பரணில் போட்டார். உன்னிடம், "வெளிய யாராவது கேட்டா பேசவே பேசாத" என்று சொன்னார். அந்த மனுஷர் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவர். கரப்பான் பூச்சியைக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர். அவர் அந்த வாரத்தில் எப்போதோ பரணில் ஏறி, தாத்தா வைத்திருந்த மருந்தையும் குண்டையும் எடுத்து, உன் சட்டையைக் கிழித்து, இதைக் கெட்டித்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் பயப்படுவேன் என்று சொல்லாமல் விட்டிருப்பார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு நீளம் எழுத மாட்டேன். சலீம் பாய் டம்ளரிலிருந்து கேப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அம்மா, இது அடி வாங்கியிருக்கு. பாருங்க, பள்ளம். குதிரைய ஏத்தி விசைய இழுத்திருக்காங்க. வெடிக்கல, அவ்ளோதான்" என்றார். எதனால் வெடிக்கவில்லை என்று கேட்டேன். குதிரையின் பூட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே எல்லாம் பழுப்பாக, பிசினாக, கட்டி கட்டியாக எண்ணெய். "யாரோ தேங்கா எண்ணெய ஊத்தி ஊத்தி வெச்சிருக்காங்க. டிசம்பர் குளிருக்கு இது மெழுகு மாதிரி ஒறைஞ்சிடும். குதிரை வேகமா எறங்காது. கேப் மாட்டற முளையிலயும் எண்ணெ எறங்கியிருக்கு. கேப்புக்குள்ள இருக்கற மருந்து நமுத்துப் போயிருக்கும். எந்தப் புண்ணியவான் ஊத்தினாரோ" என்றார்.

நான்தான் அந்தப் புண்ணியவதி. ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது பூட்டு இடுக்கில் தேங்காய் எண்ணெய் விடுவேன். உன் தாத்தா கத்துவார். "இது என்ன தலையா, எண்ண வெச்சு வாரி விடறதுக்கு? மெஷின் எண்ண ஒரு சொட்டு போதும்" என்பார். அவர் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. கத்த ஆள் இல்லை. சுவாமிக்கு விடுகிற மாதிரி மனதாரவே ஊற்றினேன். அதற்கு அடுத்து வந்த டிசம்பரில்தான் கலவரம்.

அன்றைக்கு மத்தியானம். நீயும் நானும் உள் அறையில். என் கை உன் வாயைப் பொத்தியிருந்தது. அப்பா வாசல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் என்ன வைத்திருந்தார் என்று நான் பார்க்கவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். குரல் இல்லை, வெறும் தட்டல். இரண்டாம் தடவை தட்டும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக அது தாழ்ப்பாள் சத்தம் என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரகசியமாக ஒரு குரல். "சார், நானு. மகுவிகெ ஹாலு தந்தித்தீனி."

ருத்ரப்பா அங்கிள். உனக்குப் பால் கொண்டுவந்திருந்தார். கடை எல்லாம் மூடிக் கிடந்த வாரத்தில் எங்கேயோ வரிசையில் நின்று வாங்கிய பால் பாக்கெட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருந்தார். தமிழர் வீட்டுக்குப் பால் கொடுப்பதைத் தெருவில் யாராவது பார்த்தால் அவர் வீட்டுக்கும் ஆபத்து. அதனால்தான் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடாமல் தட்டியிருக்கிறார். அப்பா பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். பால் மடியில் இருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "யாரும் ஒண்ணும் பண்ணலியே, ஏன் இப்பிடி நடுங்கறீங்க?" என்று கேட்டேன். "பால காய்ச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் சொல்லவில்லை.

அவர் விசையை இழுத்தாரா, நடுங்கின விரல் தானாகவே இழுத்ததா, எனக்குத் தெரியாது. கதவு பலகைக் கதவு. அந்தக் குண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று சலீம் பாய் சொன்னார். கதவு எது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

இப்போது எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிகிறது, கண்ணா. மறுவாரமே உன் அப்பா ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவில் துளை போட்டு, வெளியே நிற்பவரைப் பார்க்கும் கண்ணாடி வைத்தார். திருடனுக்குப் பயந்து என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்கு நீ செவ்வந்திப் பூவைக் குழலின் வாயில் செருகுவாய். அடுத்த வருஷம் அதே மாதிரி பூவோடு குனிந்தபோது உன்னைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். நீ விழுந்து அழுதாய். கட்டைப் பக்கம் வை, இனிமேல் இதுதான் வழக்கம் என்றார். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அவரை நான் திட்டினேன். துப்பாக்கியை எட்டாத உயரத்தில் மாட்டிச் சங்கிலி போட்டார். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமே, அவரே போர்வையில் சுற்றி, குழந்தையைத் தோளில் போடுவதுபோல் நிமிர்த்திப் பிடித்து எடுத்துப் போவார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். "லோடு இதியா சார்?" என்று கான்ஸ்டபிள் கேட்டார், குண்டு போட்டிருக்கிறதா என்று. "இல்லா, இல்லா" என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். நெற்றியில் அவ்வளவு வேர்வை. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் பையில் சாக்லேட் தேடினேன்.

ஏன் அதைக் காலி செய்யவில்லை? கடையில் கொடுத்தால் கேப்பைப் பார்ப்பார்கள், யாரைச் சுட்டாய் என்பார்கள். தானே குதிரையைத் தூக்கலாம் என்றால், ஒரு தடவை ஏமாந்தது இன்னொரு தடவை ஏமாறுமா என்று கை வந்திருக்காது. அதனால் அப்படியே மாட்டிவைத்து, அதன் கீழேயே சாப்பிட்டு, தூங்கி, உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலத்தை ஓட்டியிருக்கிறார். ருத்ரப்பா அங்கிளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது உன் அப்பா துணைக்கு ஆஸ்பத்திரியிலேயே படுத்துக் கிடந்தார். அவ்வளவு சிநேகிதம் என்று நான் கிண்டல் செய்வேன். உன் அப்பாமேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. என் பிள்ளையை அதன் கீழே உட்கார வைத்தாரே என்று. அப்புறம் அத்தனை வருஷம் அந்தப் பயத்தோடு தனியாக இருந்தாரே என்று அழுகையும் வருகிறது.

நீ கேட்டிருந்தாய், எப்படிச் சுத்தம் செய்வது என்று. சொல்லிவிடுகிறேன். எதற்கும் முன்னால் கம்பியை விட்டு அளந்து பார்க்க வேண்டும், யார் காலி என்று சொல்லியிருந்தாலும். நான் உன் அம்மா, நானே சொன்னாலும். வெந்நீர் விட்டுக் கழுவினால் ஈரம் துளி இல்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய் மெல்லிசான மெஷின் எண்ணெய், பூசியும் பூசாமலும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. உன் தாத்தா சொன்னதுதான் சரி, நான் செய்தது தப்பு. அந்தத் தப்பினால்தான் இன்றைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மனுஷர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் எனக்கு இப்போது பயம் அதைப் பற்றி இல்லை. போன மாதம் உன் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் யாரோ ஒருத்தன் நீ மீனுவோடு தமிழில் பேசியதற்கு வம்பு இழுத்தான் என்றாய். மறுநாள் ஃபோனில், "அந்தத் துப்பாக்கிய ஹால்ல மாட்டப் போறேம்மா. குடகுல ஃப்ரெண்டு எஸ்டேட்ல ஒரு தடவ வெடிச்சுப் பாத்துட்டா போதும், கண்டிஷன்ல இருக்குன்னு தெரிஞ்சுடும். வீட்ல ஒண்ணு இருந்தா ஒரு தைரியம்" என்றாய். நானும் சிரித்துவிட்டு விட்டேன். இப்போது அந்த வார்த்தை காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன் அப்பாவும் தைரியத்துக்காகத்தான் எடுத்திருப்பார். நீ அவர் மாதிரியே சாது. அவர் மாதிரியே வாய்விட்டுச் சொல்லாமல் பயப்படுவாய். உன் வீட்டுக் கதவையும் யாராவது தட்டுவார்கள். டெலிவரிப் பையனாக இருக்கும், மீனுவின் சிநேகிதியாக இருக்கும். இந்தத் தடவை உள்ளே உறைந்த எண்ணெய் இருக்காது, சலீம் பாய் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

கேப் மாட்டும் அந்தச் சின்ன முளையை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கித் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய். எனக்கு இதை ஸ்டேஷனிலேயே நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும். லைசென்ஸ் உன் பெயரில் இருக்கிறது, நீதான் கையெழுத்துப் போட வேண்டும். கெஞ்சித்தான் கேட்கிறேன், போட்டுவிடு. ருத்ரப்பா அங்கிளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சலீம் பாய் கொல்லையில் துப்பாக்கியைக் குடைந்ததைப் பார்த்திருப்பார் போல. நேற்று காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏன் சிக்தம்மா ஒளகே?" என்று கேட்டார், உள்ளே என்ன கிடைத்தது என்று. "துரு சார், வெறும் துரு" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உன் அப்பா அத்தனை வருஷம் எப்படிப் பார்த்தாரோ தெரியவில்லை.

சனிக்கிழமை முதலில் அவர் வீட்டுக்குப் போ. ஒரு காபி குடி. உனக்கு அவர் பால் வாங்கி வந்த கதையை அவரே சொல்வார், ஒவ்வொரு தடவையும் சொல்வார், புதிதாகக் கேட்பதுபோல் கேள். அப்புறம் இங்கே வா. வரும்போது வெறுமனே கதவைத் தட்டாதே, கண்ணா. வாசலில் நின்று "அம்மா, நான்தான்" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டுத் தட்டு.

அம்மா